உகுலேலேக்குக் கம்பியா, தந்தியா, நரம்பா? கூடவே 'ரீ-என்ட்ரன்ட்' என்பதற்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கிதார் போன்ற சின்னக் கருவியான உகுலேலேயில் கட்டும் 'ஸ்ட்ரிங்'குக்கும், அதைக் கட்டும் 'ரீ-என்ட்ரன்ட்' முறைக்கும் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒரு சொல் சற்றுப் பிசகினால் என்ன கெட்டுவிடும் என்று இந்த மடல் இழையில் ஒருவர் கேட்டிருந்தார். என் மாணவி ஒருத்தியின் உகுலேலேயில் குதிரை, அதாவது 'ஸ்ட்ரிங்'குகளைப் பிடித்துத் தாங்கும் சிறு கட்டை, பெயர்ந்து போனது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மதுரைத் தெப்பக்குளம் பக்கம் வீட்டில் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று வருடமாகப் பிள்ளைகள் உகுலேலேயும் கொண்டுவருகிறார்கள். சின்னக் கை, சின்னக் கருவி, விலையும் குறைவு. நானும் கற்றுக்கொண்டே சொல்லிக்கொடுக்கிறேன். போன ஆனியில் ஒரு பெண்ணின் கருவியில் இரண்டு அறுந்துவிட்டன. அவள் அப்பா கடைக்குப் போய், "நாலு கம்பி வேணும்ணே" என்று கேட்டிருக்கிறார். "கிதாருக்கா?" "அது மாதிரிதான், சின்னது." கடைக்காரர் எஃகுக் கம்பி நாலு எடுத்துக் கொடுத்துவிட்டார். வீட்டில் கட்டி, சுருதி ஏற்ற ஏற்ற, மறுநாள் காலையில் குதிரை ஒரு பக்கம் பலகையை விட்டு எழும்பி நிற்கிறது.

கடைக்காரர் மேல் குற்றமில்லை, அந்தத் தகப்பனார் மேலும் இல்லை. கம்பி கேட்டார், கம்பி கிடைத்தது.

இசைக்கருவி பழகாத நண்பர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். உகுலேலேயின் மேல்பலகை மெல்லியது, குதிரையை அதன்மேல் பசை வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். நைலான் வகையில் ஒவ்வொன்றும் இழுக்கிற இழுப்பு மூன்றிலிருந்து ஐந்து கிலோ அளவுதான். எஃகின் அடர்த்தி நைலானைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு. கிதாருக்கென்று செய்த தடிமனில் எஃகை வைத்து இதன் சுரத்துக்கு ஏற்றினால், மெல்லிய கம்பி ஒன்று தாக்குப்பிடிக்கலாம், தடித்தவை தாங்காது. ஒன்று கம்பி அறும், இல்லாவிட்டால் குதிரை பெயரும். ஆகவே முதலில் வேண்டியது எஃகையும் எஃகல்லாததையும் கடைவாசலிலேயே பிரித்துக் காட்டுகிற ஒரு சொல்.

இதுவரை வந்த பரிந்துரைகளுக்கு என் பதில்:

> 'தந்தி' இருக்கும்போது வேறு சொல் எதற்கு?

வீணைக்காரி என்ற முறையில் தந்தி எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் வீணையில் நாங்கள் தந்தி என்பது முழுக்க உலோகம், எஃகும் பித்தளையும். அந்தக் காதோடு கேட்டால் தந்தியும் கம்பியும் ஒன்றாகவே படுகின்றன. 'தந்தி வாத்தியம்' என்று பொதுவாகச் சொல்ல அது இருக்கட்டும். நமக்கு வேண்டிய பிரிவினையை அது செய்யாது.

> 'இழை' எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான். ஆனால் துணியில் இழை, கண்ணாடியில் இழை, நாம் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இந்த மடல் வரிசையும் இழை. அதோடு இழை என்றதும் முறுக்கினால்தான் நூலாகும் என்ற எண்ணம் வருகிறது. உகுலேலேயில் கட்டுவது ஒற்றையாக வார்த்தெடுத்தது.

நான் முன்வைப்பது 'நரம்பு'. பழஞ்சொல் என்பதால் மட்டும் இல்லை. பழமைக்குச் சான்று வேண்டுமென்றால் நிறையவே உண்டு: தொல்காப்பியம் இசை நூலையே 'நரம்பின் மறை' என்கிறது, நரம்புக்கருவி, துளைக்கருவி, தோற்கருவி என்று பள்ளிப் பிள்ளைகள் இன்றைக்கும் படிக்கிறார்கள். யாழ் நரம்புக்குக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று நான்கு குற்றம் வகுத்துவைத்த மொழி இது. நரம்பு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று அன்றே பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

என்னைத் திருப்பியது வேறொன்று. சோழவந்தான் பக்கம் என் சித்தப்பா கண்மாயில் தூண்டில் போடுவார். நான் சின்னப் பிள்ளையாகக் கூடப் போவேன். "அந்த நரம்ப எடு ஆத்தா" என்றுதான் கேட்பார். நைலான் சுருளுக்கு அவர் வாயில் நரம்பு என்றே பெயர். தூண்டில் சாமான் விற்கிற கடையில் போய் நரம்பு என்று கேளுங்கள், எஃகுக் கம்பியை யாரும் எடுத்து நீட்ட மாட்டார்கள். ஒற்றையாக, வழவழப்பாக, ஒளி ஊடுருவ இருக்கிற செயற்கைப் பொருளுக்கு நம் ஊரில் மக்களே வைத்துவிட்ட பெயர் அது. நாம் ஆக்க வேண்டியதில்லை, கொண்டுவந்து கருவியில் கட்டினால் போதும்.

பொருளும் ஒன்றுதான் என்பது இன்னும் பொருத்தம். ஃப்ளூரோகார்பன் என்ற செயற்கைப் பொருளில் செய்த மீன்பிடி நரம்புச் சுருளிலிருந்தே வெட்டிக் கட்டுகிற உகுலேலே வாசிப்பாளர்கள் உண்டு. தூண்டில்காரர்கள் அதை விரும்புவது, தண்ணீரில் கண்ணுக்குப் படாது, சீக்கிரம் அமிழும் என்பதற்காக. அமிழக் காரணம் அடர்த்தி: ஒரு கன செ.மீ. நைலான் சுமார் 1.14 கிராம், ஃப்ளூரோகார்பன் சுமார் 1.78 கிராம். இதே அடர்த்திதான் இசைக்கும் கணக்கு. அதே நீளம், அதே இழுப்பு, அதே சுரம் வேண்டுமென்றால் ஃப்ளூரோகார்பன் நரம்பு நைலானைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்க வேண்டும். 0.70 மி.மீ. நைலான் இருந்த இடத்தில் 0.56 மி.மீ. போதும். மெலிந்த நரம்பில் நாதம் தெளிவாகக் கேட்கும். நைலான் ஈரத்தை உறிஞ்சும், ஐப்பசி அடைமழையில் சுருதி கலைந்துகொண்டே இருக்கும். ஃப்ளூரோகார்பன் ஈரத்தை அவ்வளவாக வாங்காது. என் பிள்ளைகளின் கருவிகளுக்கு இப்போது அதையே சொல்கிறேன். நைலானின் மென்மை பிடித்தவர்கள் அதைக் கட்டலாம், அதில் பிழையில்லை.

வரலாறும் இந்தச் சொல்லுக்குத் துணை நிற்கிறது. 1879இல் மதேராத் தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹொனலுலு வந்து இறங்கிய போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சின்னக் கருவியிலிருந்து ஹவாயில் பிறந்தது உகுலேலே. (முதல் ஒலி 'யு' இல்லை, 'உ'. அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், நமக்கும் அதுவே வாய்க்கு எளிது.) அன்றைக்கு அதில் கட்டியது விலங்குக் குடலைப் பதப்படுத்திய நரம்பு. நைலான் 1938இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் மெல்லக் குடலின் இடத்துக்கு வந்தது. இன்று இத்தாலியின் அக்குவிலா நிறுவனம் விற்கும் 'நைல்கட்' வகை, குடல் நரம்பின் நாதத்தைச் செயற்கைப் பொருளில் கொண்டுவருவதற்காகவே செய்யப்பட்டது. நரம்பைப் போலச் செய்ததை நரம்பு என்று சொல்வதில் என்ன தயக்கம்?

மருத்துவச் சொல்லோடு மோதும் என்று சென்னை அம்மா எழுதியிருந்தார்கள். உண்மை, நரம்பு என்றதும் நரம்புத் தளர்ச்சிதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் தந்தியும் அஞ்சலகத்தில் 2013 ஜூலை வரைக்கும் இன்னொரு வேலை பார்த்துக்கொண்டிருந்த சொல்தானே அம்மா? அதனால் வீணைக்காரர்கள் யாரும் குழம்பவில்லை. 'உகுலேலே நரம்பு' என்று ஒருமுறை சேர்த்துச் சொன்னால் இடம் தெளிந்துவிடும்.

இனி இரண்டாவது சொல். எனக்கு இதுதான் கடினமாக இருந்தது.

நரம்பு உறையில் கருவியின் அளவு போட்டிருக்கும்: சொப்ரானோ, கான்சர்ட், டெனர், பாரிடோன். குதிரையிலிருந்து மேரு (கழுத்தின் மேல்நுனியில் நரம்புகள் பதிந்து போகும் சிறு கட்டை) வரை சொப்ரானோவுக்கு 13 அங்குலத்தை ஒட்டியும், கான்சர்ட்டுக்கு 15, டெனருக்கு 17 அங்குலமும் இருக்கும். அளந்து பார்த்துவிட்டுப் போனால் தவறாது. இதற்கு விவாதம் வேண்டாம், அளவுப் பெயர்கள் அப்படியே இருக்கட்டும்.

சிக்கல் 'ரீ-என்ட்ரன்ட்' என்கிற விஷயத்தில். சாதாரண உகுலேலேயில் நரம்புகள் வாசிப்பவர் முகத்துக்கு அருகிலிருந்து, மேற்கத்தியச் சுரப் பெயர்களில், ஜி, சி, இ, ஏ. சி-யை ஸட்ஜமாக (ஆதாரச் சுரமான 'ஸ'வாக) வைத்தால் ப, ஸ, க, த. கிதார்போல் இருந்தால் இந்த 'ப' கீழே, மந்தர (தாழ்ந்த) பஞ்சமமாக இருக்க வேண்டும். ஆனால் இங்கே அது ஸட்ஜத்துக்கு மேலே, மத்திய ஸ்தாயியில் (நடு சுர வரிசையில்) நிற்கிறது. சி 262 ஹெர்ட்ஸ், ஜி 392. வரிசை தாழ்விலிருந்து ஏறாமல், உயரத்தில் தொடங்கி, சட்டென்று இறங்கி, மறுபடி ஏறுகிறது. உகுலேலேயின் துள்ளலில் பாதி இதிலிருந்துதான். தம்பூராவின் நாலு தந்திகளை எண்ணிக்கொள்ளுங்கள்: பஞ்சமம், பிறகு சாரணி என்கிற மத்திய ஸட்ஜம் இரண்டு, கடைசியில் மந்தர ஸட்ஜம். அங்கேயும் வரிசை நேராக ஏறுவதில்லை. நமக்குப் பழகிய காரியம்தான், பெயர்தான் இல்லாமல் இருந்திருக்கிறது.

'மறுநுழைவுச் சுருதி' என்பது பொறியாளர் நண்பரின் ஆக்கம். மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது, ஆனால் மறுநுழைவு என்றால் விண்கலம் காற்றுமண்டலத்துக்குள் திரும்புவதுதான் எனக்குத் தெரிகிறது. எது எதற்குள் நுழைகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் விளக்க முடியாது. சுருதி என்ற சொல்லும் இங்கே இடறும். நமக்குச் சுருதி என்றால் ஆதார ஸட்ஜம்.

என் மனம் சில நாள் 'வக்ரம்' என்ற சொல்லில் நின்றது. வக்ர ராகம் என்கிறோமே, சுரங்கள் நேர் வரிசையில் போகாமல் வளைந்து போவது. கருத்து கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் இன்றைய செய்தித்தாளில் வக்கிரம் என்ற சொல் எந்தச் செய்திக்கு அடியில் வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. வருத்தத்தோடு விட்டுவிட்டேன்.

ஆகவே 'மடக்குக் கட்டு'. நரம்பைக் கட்டுகிறோம், எனவே கட்டு. யாழ்த் தண்டில் நரம்பை வலித்துக் கட்டியதை வார்க்கட்டு என்றார்கள், அந்த மரபும் துணை. கீழே போக வேண்டிய நரம்பை மடக்கி மேலே கொண்டுவந்திருப்பதால் மடக்கு. மடக்குக் கத்தி, மடக்குக் கட்டில் என்று சொல்கிற வாய்க்கு இது புதிதாக இராது. இதற்கு எதிரான முறை, மந்தர ஜி கட்டி வரிசையாக ஏறுவது, 'நேர்க்கட்டு'. அணி இலக்கணத்தில் மடக்கணி உண்டே என்று யாராவது எழுதுவீர்கள். உண்டு. அங்கே மடங்குவது சொல், இங்கே மடங்குவது சுர வரிசை. மோதல் இல்லை என்று நினைக்கிறேன்.

இந்த ஒரு சொல் கடையில் எவ்வளவு காக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மடக்குக் கட்டிலிருந்து நேர்க்கட்டுக்கு மாறினால் ஜி ஒரு ஸ்தாயி இறங்கி 196 ஹெர்ட்ஸ் ஆகிறது. அதே பொருளில், அதே இழுப்பில் அந்தச் சுரம் வேண்டுமானால் நரம்பின் எடை நான்கு மடங்கு, அதாவது தடிமன் இரண்டு மடங்கு ஆக வேண்டும். அவ்வளவு தடித்த நைலான் மழுங்கிய ஓசைதான் தரும். அதனால்தான் மெல்லிய உலோகக் கம்பி சுற்றிய நரம்பை அந்த இடத்தில் கட்டுகிறார்கள். விரல் நகரும்போது கொஞ்சம் கீச்சிடும். தடிமன் கூடினால் மேருவில் உள்ள பள்ளத்தையும் சற்று அகலப்படுத்த நேரும். தெரியாமல் உறையை மாற்றி வாங்கி வந்தால் இத்தனையும் வந்து சேரும். பாரிடோன் மட்டும் வேறு குடும்பம்: டி, ஜி, பி, இ என்று நேர்க்கட்டிலேயே இருப்பது.

அந்தச் சுற்றிய நரம்புக்குச் 'சுற்றுநரம்பு' என்று எழுதிவருகிறேன். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, நல்ல சொல் தந்தால் மாற்றிக்கொள்கிறேன். ஃப்ளூரோகார்பனுக்குத் தமிழாக்கம் வேண்டாம் என்பது என் கருத்து. உறையில் இருக்கிற பெயரை வாங்குபவர் கண் தேடும்.

குதிரை பெயர்ந்த கருவியைத் தச்சர் ஒருவர் பசை வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டார். இந்தச் சனிக்கிழமை அந்தத் தகப்பனார் மறுபடி கடைக்குப் போகிறார். அவர் கையில் நேற்று எழுதிக் கொடுத்த சீட்டு இது:

"கான்சர்ட் உகுலேலே நரம்பு, ஒரு செட். ஃப்ளூரோகார்பன். மடக்குக் கட்டு, ஜி மேலே. கம்பி வேண்டாம்."

கடையில் இதைப் படித்துவிட்டு என்ன கேட்டார்கள் என்பதைத் திங்கட்கிழமை எழுதுகிறேன்.

அன்புடன்,
தெப்பக்குளத்திலிருந்து