ஷிர்மர் காகிதம் நன்றாக நனைந்தது, கண் ஏன் எரிகிறது?

மணிக்கட்டு எழுதியது:

எனக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டு அழற்சி) வந்து 9 வருடம் ஆகிறது. வாரம் ஒரு நாள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, மறுநாள் ஃபோலிக் அமிலம். மூட்டுகள் இப்போது அடங்கியிருக்கின்றன, பாட்டில் மூடியைத் திறக்க யாரையும் கூப்பிடுவதில்லை. தொல்லை கண்ணில்தான். மத்தியானம் ஆனால் இமைக்குள் மணலைக் கொட்டிய மாதிரி உறுத்தல்.

கண் டாக்டர் கீழிமையில் கண்ணீரை அளக்கும் ஷிர்மர் காகிதப் பட்டையை மாட்டி 5 நிமிடம் கண்ணை மூடச் சொன்னார். 14 மி.மீ. நனைந்தது. "கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறது" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, நான் கதை விடுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று. அப்புறம் அவரே மரத்துப்போகச் சொட்டு விட்டு, கான்ஃபோக்கல் என்ற கருவியில் கருவிழியைப் படம் எடுத்தார். கறுப்புத் திரையில் வெள்ளையாக, கைகால் நீட்டிய பூச்சிகள் மாதிரி! "டென்ட்ரிடிக் செல்கள், வழக்கத்தைவிட அதிகம். வாத டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார். அவரைப் பார்க்க இன்னும் 3 வாரம் இருக்கிறது.

அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் சரியாக இருக்கும்போது கண்ணில் மட்டும் இவை ஏன் கூடின? மாத்திரை அளவைக் கூட்டுவார்களா?

இமைக்காதவன்:

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறீர்களா? அதனாலும் இந்தச் செல்கள் கூடும். அலர்ஜி மாத்திரை ஏதாவது?

மணிக்கட்டு:

லென்ஸ் இல்லை. தும்மலுக்காக இரவில் செட்ரிசின் உண்டு. அதை யாரிடமும் சொல்லவில்லை!

இருட்டறை:

நான் டாக்டர் இல்லை, இந்தக் கருவியை இயக்குகிறவன். பூச்சி மாதிரி என்று நீங்கள் சொன்னதும் சிரித்துவிட்டேன். 1868-ல் பால் லாங்கர்ஹான்ஸ் தோலில் இதே வகைச் செல்களைப் பார்த்துவிட்டு, நரம்புச் செல்கள் என்றே நினைத்தார். கண்ணிலும் கருவிழியின் ஓரத்தில்தான் இவை உண்டு, நடுவில் இல்லை என்று வெகுகாலம் நம்பினார்கள்.

உண்மையில் இவை நோய் எதிர்ப்புப் படையின் காவல்காரர்கள். சும்மா இருக்கும்போது கை நீட்டாமல் சிறியதாக இருக்கும். அழற்சி வந்தால் கைகள் நீளும், எண்ணிக்கையும் கூடும். அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போய், டி செல்கள் என்ற வெள்ளணுக்களை எழுப்பிவிடும். அந்த டி செல்கள் கண்ணின் மேற்பரப்புக்கு வந்து, கண்ணீரை ஒட்டவைக்கும் சளியைச் சுரக்கும் செல்களைக் கெடுக்கும். கண்ணீர் படலம் குலையும், உலர்வு இன்னும் அழற்சியைக் கிளப்பும். அப்படியே சுற்றிச் சுற்றி வரும்.

காகிதம் நீரின் அளவை மட்டும்தான் சொல்லும். அந்த நீர் கருவிழியில் எத்தனை நொடி நிற்கிறது என்பது வேறு கணக்கு. மஞ்சள் சாயம் விட்டு, நீல ஒளியில், படலம் உடையும் நேரத்தைப் பார்த்தார்களா? 10 நொடிக்குள் உடைந்தால் குறைவு. இமை விளிம்பின் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருந்தாலும் அப்படி ஆகும்.

முடக்குவாதம் உள்ளவர்களில், கண் உலர்வு இல்லாதவர்களிடமும் இவை கூடியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் ரத்தம் அமைதியாக இருப்பதும் கண் படம் கலகலப்பாக இருப்பதும் முரண் இல்லை. ஆனால் ஒன்று, ஒரு படம் கிட்டத்தட்ட 0.4 மி.மீ. சதுரம்தான். நான் கருவியைக் கொஞ்சம் நகர்த்தினாலே எண்ணிக்கை மாறும். பல படங்களை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். அந்த ஒரு எண்ணை வைத்து மெத்தோட்ரெக்ஸேட்டைக் கூட்டச் சொல்லி நீங்களே கேட்காதீர்கள். செட்ரிசின் விஷயத்தை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள், அது கண்ணையும் வாயையும் உலர்த்தும்.

நாவறட்சி:

எனக்கு ஷோக்ரன் நோய், கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளை நம் எதிர்ப்புச் சக்தியே தாக்குவது. சகோதரி, உங்களுக்கு வாயும் வறள்கிறதா? அப்படியென்றால் இந்த நோயைக் கண்டறிய உதவும் ரோ எதிர்ப்பொருள் ரத்தச் சோதனை பற்றிக் கேளுங்கள். முடக்குவாதத்தோடு ஷோக்ரனும் சேர்ந்து வருவதுண்டு.

சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதிக்கொடுத்தால் முதலிலேயே மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். அது டி செல்களை அடக்குகிற மருந்து, பலன் தெரிய மாதங்கள் ஆகும். நான் 5-வது வாரம் "இது வேலைக்கு ஆகாது" என்று நிறுத்தி, திட்டு வாங்கி, மறுபடி தொடங்கினேன். 4-வது மாதம்தான் மாலையில் விளக்கைப் பார்க்க முடிந்தது. செயற்கைக் கண்ணீரை அடிக்கடி விடுவதாக இருந்தால் கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத ஒற்றை வேளைக் குப்பிகளாக வாங்குங்கள். ஸ்டீராய்டு சொட்டு சீக்கிரம் ஆற்றும், ஆனால் கண் அழுத்தம் ஏறலாம், டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

கண் சிவந்து ஆழமாக வலித்தாலோ பார்வை மங்கினாலோ 3 வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். நம் நோயில் கருவிழி ஓரம் அரிக்கப்படுவதும் உண்டு.

மணிக்கட்டு:

பார்த்துவிட்டு வந்தேன். மெத்தோட்ரெக்ஸேட் அதே அளவு. படத்தை வாத டாக்டர் வெகுநேரம் பார்த்தார், ரோ சோதனைக்கு எழுதினார். கண் டாக்டர் சாயம் விட்டுப் பார்த்ததில் படலம் 4 நொடியில் உடைந்தது. செட்ரிசினை நிறுத்தச் சொல்லி, சைக்ளோஸ்போரின் ஆரம்பித்திருக்கிறார். இன்று 12-வது நாள். விட்டதும் நன்றாகவே எரிகிறது. நாவறட்சி அவர்களே, உங்கள் 5-வது வாரம் நினைவிருக்கிறது.