எல்கேஜி பள்ளி பார்க்கப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

தாம்பரம் பக்கம் வீடு. வரும் ஜூனில் பெரியவளுக்கு எல்கேஜி. ஜூலை 31-க்குள் மூன்று வயது முடிந்துவிடும், வயதில் சிக்கல் இல்லை. சின்னவனுக்கு ஒன்றரை. பள்ளி பார்க்கப் போகும்போது இவர்களை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை.

இரண்டு பேரையும் கூட்டிப்போய்ப் பார்த்தாச்சு. பதினொரு மணி தாண்டினால் பசியும் தூக்கமும் சேர்ந்து ஒரே அழுகை. வேன், புத்தகம், சீருடை எல்லாம் ஃபீஸில் அடக்கமா, தவணை உண்டா என்று கேட்பதற்குள் எழுந்து வர வேண்டியதாகிறது. கழிப்பறைப் பக்கம் போகவே முடியவில்லை. குழாய் பிள்ளைக்கு எட்டுமா, ஆயாம்மா பக்கத்தில் நிற்கிறாரா என்பதெல்லாம் நேரில் பார்த்தால்தானே தெரியும்?

வீட்டில் விட்டுப் போனபோது இதையெல்லாம் நிதானமாகப் பார்க்க முடிந்தது. ஆனால் வகுப்புச் சத்தத்துக்கு அவள் மிரளுவாளா, மிஸ் குனிந்து முகம் பார்த்துப் பேசுவாரா, தெரியவில்லை.

பெரியவளை மட்டும் அழைத்துப்போன இடத்தில், 'சும்மா பேசிப் பார்க்கிறோம்' என்று நிறம், பழம் பெயரெல்லாம் கேட்டார்கள். அவள் வாயே திறக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13 இப்படிச் சோதிக்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பொதுவாக 6 முதல் 14 வயதுக்கானது, எல்கேஜி சேர்க்கையில் அதைச் சொன்னால் எடுபடுமா என்று தெரியவில்லை.

முதலில் நாங்கள் மட்டும் போய் இரண்டு பள்ளியாகச் சுருக்கிக்கொண்டு, பிறகு பெரியவளைக் காலை ஒன்பதரைக்கு அழைத்துப்போனால், அந்த ஒரு தடவையிலேயே அவளுக்கு அந்த இடம் ஒத்துவருமா என்று தெரிந்துவிடுமா?