உயிலில் யானைகளுக்கு ஒரு பங்கு எழுத முடியுமா?

தேன்கனிக்கோட்டை டீச்சர்

எனக்கு 64 வயது. சொந்த வீடு இருக்கிறது. அஞ்செட்டி போகும் வழியில் அப்பா பாகம் பிரித்துக் கொடுத்த இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம், அப்புறம் ஓய்வுபெற்ற பணத்தில் போட்ட வைப்புத்தொகை. பையன்கள் இருவரும் பெங்களூரில் நன்றாக இருக்கிறார்கள்.

சின்ன வயதில் ராகி கதிர் முற்றும் சமயம் அப்பா பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டுவார். ஒருநாள் விடிந்து பார்த்தால் பாதி வயல் மிதிபட்டுக் கிடக்கிறது, ஈர மண்ணில் ஒரு பெரிய தடம், அதற்குள்ளேயே குட்டியின் தடம். அப்பா திட்டவில்லை. "அதுங்க வழியில நாமதானே விதைச்சிருக்கோம்" என்றார். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் மின்வேலியில் மூன்று யானைகள் செத்து, குட்டிகள் இரண்டு மட்டும் தப்பியதைக் கேள்விப்பட்டதிலிருந்து அந்தத் தடம்தான் கண்ணில் நிற்கிறது. என் காலத்துக்குப் பிறகு ஒரு பங்கு யானைகளுக்குப் போகவேண்டும். எப்படி எழுதுவது?

பத்திர எழுத்தர், கிருஷ்ணகிரி

தாராளமாக எழுதலாம் அம்மா. பாகத்தில் உங்கள் பேருக்கு வந்த நிலம் முழுக்க உங்களுடையது, யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் யானைக்கு என்று எழுதினால் செல்லாது, யானைகளுக்காக வேலை செய்யும் ஒரு டிரஸ்டின் பேருக்குத்தான் எழுதமுடியும். அதன் பெயரை நாம் கூப்பிடுகிற மாதிரி எழுதாமல் பதிவுப் பத்திரத்தில் உள்ளபடி, பதிவு எண், பான் எண்ணோடு எழுதுங்கள். அந்த டிரஸ்ட் பின்னால் மூடிப்போனால் அதே வேலை செய்யும் வேறு எதற்குப் போகவேண்டும் என்றும் ஒரு வரி வேண்டும். இந்த ஒரு வரி இல்லாமல் சிக்கலான உயில்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கட்டாயம், பங்கு வாங்குகிற யாரும் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள், நாளைக்கு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். நிறைவேற்றுபவராக உங்களைவிட வயதில் சின்னவர் ஒருவரைப் போடுங்கள். தொகையாக எழுதவேண்டாம், நூற்றுக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். பத்து லட்சம் என்று எழுதிவிட்டு ஆஸ்பத்திரிச் செலவில் வைப்புத்தொகை கரைந்துபோனால் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

பாலக்கோடு விவசாயி

அக்கா, சாட்சி விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். எங்கள் பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. கோடையில் மாட்டுத் தொட்டியோடு இன்னொரு தொட்டியும் கட்டி, காட்டிலிருந்து வரும் மயிலுக்கும் பன்றிக்கும் தண்ணீர் நிரப்புவார். தன் பணத்தில் பாதி காட்டு உயிர்களுக்கு என்று டைரியில் பச்சை மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். சாட்சி ஒருவர்தான். வக்கீல் பார்த்துவிட்டு இது உயிலே ஆகாது என்றார். பங்காளிகள் பிரித்துக்கொண்டார்கள், என் பங்கும் அதில் வந்தது. அந்த டைரி என்னிடம்தான் இருக்கிறது, பிரித்துப் பார்க்கவே மனசு வரவில்லை.

அஞ்செட்டிக்காரன்

வணக்கம் டீச்சர். உங்கள் நிலம் எந்தப் பக்கம் என்று தெரிகிறது. பன்னார்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக இறங்குகிற கூட்டம் வருஷா வருஷம் கடக்கிற பக்கம். 2014இல் காவேரி வடக்கு சரணாலயம் 504 சதுர கிலோமீட்டருக்கு அறிவித்தார்கள், 2022இல் காவேரி தெற்கு 686. நல்லதுதான், ஆனால் யானை எல்லைக்கல்லைப் பார்த்தா நடக்கிறது, கல்லுக்கு இந்தப் பக்கம் நம் ராகிக் காடுதானே. வயநாட்டில் திருநெல்லி பக்கம் யானைத்தடத்தில் இருந்த நிலங்களை ஒரு டிரஸ்ட் விலைக்கு வாங்கி வனத்துறையிடம் ஒப்படைத்திருக்கிறது. அதுபோல யாராவது உங்கள் இரண்டு ஏக்கரை எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கடிதம் எழுதிக் கேளுங்கள், தனியாகக் கிடக்கும் துண்டு நிலத்தைப் பராமரிக்க முடியாது என்று சிலர் மறுப்பார்கள்.

பணமாகக் கொடுத்தால் எதற்கு என்றும் எழுதுங்கள். ராத்திரிக் காவலுக்கு, பயிர் அழிந்தவனுக்கு உடனே கைக்குக் காசு சேர்வதற்கு. நஷ்டம் பொறுக்காதவன்தான் வேலியில் கரண்ட் கொடுக்கிறான். நானும் ஒரு வருஷம் கம்பி வாங்கிவந்து வைத்தேன், என் சம்சாரம் அழுது தடுத்தாள்.

தேன்கனிக்கோட்டை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. பாலக்கோடு தம்பி, உங்கள் பெரியப்பா தொட்டியைப் படித்து அழுதுவிட்டேன். ஒரு சந்தேகம். வைப்புத்தொகைக்குப் பெரியவன்தான் நாமினி. அவன் பேரை எடுக்கவேண்டுமா?

பத்திர எழுத்தர், கிருஷ்ணகிரி

வேண்டாம் அம்மா. வங்கியில் நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குகிற ஆள், சொந்தக்காரர் இல்லை. 2010இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. வாங்கி உயில்படி பிரித்துக் கொடுக்கவேண்டும். அதனால் பெரியவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், உயிலைப் பிரிக்கும்போதுதான் அவருக்குத் தெரியவேண்டும் என்று இல்லை.

தேன்கனிக்கோட்டை டீச்சர்

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வருகிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் நிலத்துக்குக் கூட்டிப்போய் அங்கேயே சொல்கிறேன்.