ரெகுலர் பிளானா, டைரக்ட் பிளானா?

திருப்பூர் பனியன்:
மியூச்சுவல் ஃபண்டை ஏஜென்ட் மூலம் வாங்கினால் ரெகுலர் பிளான், ஏஜென்ட் இல்லாமல் ஆப்பில் நாமே நேராக வாங்கினால் டைரக்ட் பிளான். ஒரே ஃபண்ட், ஒரே மேனேஜர், உள்ளே இருக்கும் பங்குகளும் அதேதான். ஆனால் இரண்டு பிளானுக்கும் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, வேறு. 2013 ஜனவரியிலிருந்து டைரக்ட் பிளான் இருக்கிறது. எங்கள் தெருவில் பலருக்கு இன்னும் தெரியாது. ரெகுலரில் ஏஜென்ட் கமிஷன் தினமும் என்ஏவியிலேயே கழிந்துவிடும், தனியாக பில் வராது. எதற்குங்க இந்தத் தண்டம்?

கோபி மஞ்சள்:
ஏனுங்க, மண்டியில் மஞ்சள் விற்றால் கமிஷன் கொடுப்பதில்லையா? எங்க அப்பா தவறியபோது அத்தனை ஃபண்டையும் அம்மா பெயருக்கு மாற்றித் தந்தவர் எங்கள் ஏஜென்ட் அண்ணன்தான். உங்கள் ஆப் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்குமா?

திருப்பூர் பனியன்:
மண்டியில் ஒரு தடவையோடு முடிந்தது. இங்கே பணம் கிடக்கும் வரை வருடா வருடம். 10 லட்சம் போட்டு 20 வருடம் விட்டால், 12 சதவீதத்தில் சுமார் 96 லட்சம், 11 சதவீதத்தில் சுமார் 80 லட்சம். அந்த ஒரு சதவீதத்தின் விலை 16 லட்சம்! கையெழுத்து கொஞ்சம் காஸ்ட்லிதான்.

கோபி மஞ்சள்:
எல்லா ஃபண்டிலும் ஒரு சதவீதம் வித்தியாசம் வராது. குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டில் ரொம்பக் குறைவு. பயமுறுத்தாதீங்க.

கோவை கணக்கு:
ஊகம் எதற்கு? ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஃபண்டுக்கும் சேர்த்து வரும் ஸ்டேட்மென்ட்டில் கமிஷன் ரூபாய்க் கணக்கில் இருக்கும், பாருங்க. ஆனால் தம்பி, அவசரப்பட்டு எல்லாவற்றையும் டைரக்டுக்கு மாற்றாதே. ஒரே ஃபண்டுக்குள் மாறினாலும் அது விற்பனைதான். பங்குகளில் போடும் ஈக்விட்டி ஃபண்டில் ஒரு வருடம் தாண்டாததற்குப் பெரும்பாலும் எக்ஸிட் லோடு, அதாவது சீக்கிரம் வெளியே எடுப்பதற்கான கட்டணம், உண்டு. தாண்டியதற்கு, வருடத்தில் 1.25 லட்சத்துக்கு மேல் போகும் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. புது எஸ்ஐபியை, அதாவது மாதாமாதம் போடும் தவணையை, டைரக்டில் ஆரம்பி. பழையதை அந்த வரம்புக்குள் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்று.

திருப்பூர் பனியன்:
சரிங்கண்ணா. ஆலோசனை வேண்டும் என்றால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவான ஆலோசகருக்கு நேராக ஃபீஸ் கட்டலாம். யாருக்கு எவ்வளவு போகிறது என்பதாவது தெரியும்.

கோபி மஞ்சள்:
அந்த ஆலோசகர் கோபிக்கு வருவாரா, முதலில் அதைக் கேட்டுச் சொல்லுங்க. அதுவரை அம்மாவுடையது ரெகுலர்தான்.