பைசினோசிஸ்: தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களே,
நூற்பாலைத் தொழிலாளர்களுக்கான நாலு பக்கத் துண்டறிக்கை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பஞ்சுத் தூசியால் வரும் பைசினோசிஸுக்கு ஒரு சொல் தேவை. 'நுரையீரல் பஞ்சுத்துகள் படிவு நோய்' என்று எழுதிப் பார்த்தேன்; படிக்கும்போதே மூச்சு வாங்கியது. 'பஞ்சடைப்பு' சரிவருமா?
– சு., கோவை

கண் பஞ்சடைப்பது பசியில், இல்லையென்றால் சாவில். படிப்பவர் பயந்துவிடுவார். வேரைப் பாருங்கள். கிரேக்கத்தில் 'பிஸ்ஸோஸ்' என்றால் மெல்லிய துணி. நம் பழைய நூல்களில் 'தூசு' என்றால் ஆடை. இன்று புழுதியும் அதுவே. இரண்டுக்கும் ஒரே சொல்! 'தூசுநோய்' என்று வையுங்கள். (முன்னணிப் படைக்கும் 'தூசி' என்று பெயர் உண்டு. அது படை கிளப்பிய புழுதியால் வந்ததா என்பதைப் பிறகு எழுதுகிறேன்.)
– ந., தஞ்சை

ந. ஐயா, பிறகே எழுதுங்கள். 'தூசுநோய்' என்றால் கல்குவாரிக்காரர்களின் சிலிக்கோசிஸும் அதில் சேர்ந்துவிடும். அதில் சிலிக்கா உள்ளே தங்கி நுரையீரலைத் தழும்பாக்கும்; வேலையை விட்ட பிறகும் முற்றும், காசநோயையும் கூட்டிவரும். பஞ்சுத் தூசி மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. தொடக்கத்திலேயே விலகிவிட்டால் சரியாகவும் கூடும். ஆகவே 'படிவு', 'அடைப்பு' இரண்டும் தப்பு. 'பஞ்சுத்தூசி மூச்சிறுக்கம்' என்பேன்.
– மரு. வி., மதுரை

'தூசி' எதற்கு? 'துகள்' இருக்கிறதே, சங்கத் தமிழ்.
– க., சேலம்

க. அண்ணா, நான் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் இருந்தவன். அங்கே யாரும் துகள் என்று சொல்லிக் கேட்டதில்லை, 'டஸ்ட்' என்போம். வார லீவு முடிந்து வரும் அன்றுதான் நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்தாற்போல இறுக்கும், மறுநாள் கொஞ்சம் விடும். வெல்லம் தின்றால் பஞ்சு இறங்கும் என்று பெரியவர்கள் ஆளுக்கொரு துண்டு தருவார்கள். எனக்குச் சீட்டில் எழுதியது 'ஆஸ்துமா'. இழப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலில் இருப்பதோ பைசினோசிஸ். அந்தப் பெயரைத் தொழிலாளி வாயால் சொல்லத் தெரிய வேண்டும். என்ன தமிழ் வைத்தாலும் அதை எடுத்துவிடாதீர்கள்.
– ப., ராஜபாளையம்

சரி, 'பஞ்சுத்தூசி மூச்சிறுக்கம்' என்றும் பக்கத்திலேயே 'பைசினோசிஸ்' என்றும் போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். லீவு முடிந்த நாள் இறுக்கத்தை முதல் பக்கத்துக்கு ஏற்றியிருக்கிறேன். வெல்லத்துக்கு அந்த வேலை இல்லை என்று மருத்துவர் சொன்னதால் அதற்கும் ஒரு வரி.
– சு.

'தூசு' என்று உகரத்திலாவது முடித்திருக்கலாம். தூசிப்படை மடல் நாளை வரும்.
– ந.