தம்பிக்குத் தாடையில் பிளேட் வைக்கணுமாம், கம்பி கட்டினால் போதாதா?

மேலூர் அக்கா:
போன ஞாயிறு ராத்திரி தம்பி (24 வயது) பைக்கில் வரும்போது நாய் குறுக்கே ஓடி, விழுந்துவிட்டான். ஹெல்மெட் டேங்க் மேல் இருந்தது, தலையில் இல்லை. கீழ்த்தாடையில் இரண்டு இடத்தில் முறிவு: வலது கோரைப்பல்லுக்குக் கீழே ஒன்று, இடது ஞானப்பல் மூலையில் ஒன்று. முன்னால் இரண்டு பிளேட், பின்னால் ஒன்று வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். எங்கள் மாமாவுக்கு 1988இல் இதே மாதிரி ஆனபோது பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டினார்கள், கூடிவிட்டது. இவனுக்கு மட்டும் ஏன் ஆபரேஷன்? அந்த இரும்பு உள்ளேயே கிடக்குமா? பெண் பார்க்கிற நேரம், தழும்பு விழும் என்று அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்.

தமிழ் வாத்தியார்:
அம்மா, 2019இல் மாடிப்படியில் உருண்டு எனக்கும் முன்தாடை போனது. இரண்டு பிளேட், எட்டு ஸ்க்ரூ. இரும்பு இல்லை, டைட்டானியம். இன்னும் உள்ளேதான் இருக்கிறது. விமான நிலையத்தில் சோதனைக் கருவி ஒருமுறைகூடக் கத்தியதில்லை.

உங்கள் மாமாவைக் கேட்டுப் பாருங்கள், நாலு முதல் ஆறு வாரம் வாயே திறந்திருக்க மாட்டார். பிளேட் வைத்தால் அந்தச் சிறை பெரும்பாலும் இல்லை. ஆனால் பிளேட்டைவிட முக்கியம் பல் பொருந்துவது. எனக்கு முதலில் பல்வரிசையில் கம்பி கட்டி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி கடிக்கும் இடத்தில் பூட்டினார்கள். அதற்கப்புறம்தான் எலும்பில் பிளேட். வாயைப் பூட்ட வேண்டுமே, அதனால் மயக்கக் குழாயை மூக்கு வழியாக விட்டார்கள். வெட்டியது உதட்டுக்கு உள்பக்கம், முகத்தில் ஒரு கீறல் கிடையாது. இதை அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்.

அப்புறம் இரண்டு வாரம் மேல்கம்பிக்கும் கீழ்க்கம்பிக்கும் இடையே ரப்பர் வளையம் மாட்டிவிட்டார்கள். அகரம் வாயை அங்காத்தால் பிறக்கும் என்று இருபது வருடமாகச் சொல்லிக் கொடுப்பவன், வகுப்பில் அங்காக்க முடியாமல் நின்றேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

உங்களிடம் யாரும் சொல்லாத ஒன்று: உதடு மரத்துப் போகலாம். எனக்கு நாலு மாதம் காபி வழிவது சட்டையைப் பார்த்தால்தான் தெரியும். இப்போது சரி, முகவாயில் ஒரு ரூபாய் அளவு இடம் மட்டும் இன்னும் மந்தம்.

தாடை அறுவை மருத்துவர்:
எக்ஸ்ரே பார்க்காமல் இது பொதுவான விளக்கம்தான். மெல்லும்போது தாடையின் மேல்விளிம்பு பிரியப் பார்க்கும், கீழ்விளிம்பு நெருங்கும். அதனால் ஞானப்பல் மூலையில் மேல்விளிம்பில் ஒரு சின்ன பிளேட் பல நேரம் போதும். முன்பக்கம் எலும்பு முறுக்கிக்கொள்ளும், அங்கே இரண்டு வேண்டும். 1970களில் பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஷாம்பி என்ற அறுவை மருத்துவரின் குழு வகுத்த கணக்கு இது. உங்கள் டாக்டர் சொன்ன எண்ணிக்கை அதோடு ஒத்துப்போகிறது. சீழ் பிடித்தாலோ, ஸ்க்ரூ தளர்ந்தாலோ, பிளேட் வெளியே தெரிந்தாலோதான் எடுப்போம். தம்பி சிகரெட் பிடிப்பாரா? மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதில் கூடும்.

மேலூர் அக்கா:
பிடிப்பானாம். இப்போதுதான் தெரிந்தது, வீட்டில் அது தனிக் கச்சேரி. வியாழக்கிழமை ஆபரேஷன். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

தமிழ் வாத்தியார்:
மிக்சிதான் கதி. ராகிக் கூழ், பருப்புச் சாதத்தை ரசம் விட்டு அரைத்தது, முட்டையைப் பாலில் அடித்துக் காய்ச்சியது. ரப்பர் கழற்றிய பிறகும் ஆறு வாரம் ஆகும்வரை குழைந்த சாதம், இட்லி மட்டும். மூன்றாவது வாரம் முறுக்கு கேட்பான், கொடுக்காதீர்கள். குழந்தைகள் பல் தேய்க்கும் சின்ன பிரஷ் ஒன்று வாங்கி வையுங்கள், கம்பிக்கு இடையில் அதுதான் நுழையும்.