பண்ணவாடி நந்தியை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

அம்மாபேட்டைவாசி:
2017 கோடை. மேட்டூர் அணை நீர்மட்டம் அடிமட்டத்துக்கு இறங்கி, தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த பழைய கோயிலின் நந்தி சிலை வெளியே தெரிந்த வருஷம். ஓமலூர், மேச்சேரி, மேட்டூர், கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிக்குக் குடும்பத்தோடு காரில் போனோம். அம்மாயியும் (அம்மாவின் அம்மா) வந்திருந்தார். அவருடைய அம்மா பிறந்த ஊர் நாயம்பாடி, அணைத் தண்ணீருக்குள் போன ஊர். பிள்ளைகள் நந்தியோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாயி மட்டும் குனிந்து, சேற்றிலிருந்து ஓர் ஓட்டுச்சில்லை எடுத்து முந்தானையில் துடைத்தார். "இது எங்கம்மா ஊட்டு ஓடா இருக்குமா கண்ணு?" என்று கேட்டார். வெயில் எரிச்சலில் நான், "குப்பையை எதுக்கு எடுக்கிறீங்க, போடுங்க அம்மாயி" என்றேன். ஒன்றும் பேசாமல் கீழே போட்டுவிட்டார். அடுத்த தை மாதம் தவறிவிட்டார். அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

மேச்சேரி அப்பா:
வயதானவர்களையும் பிள்ளைகளையும் அங்கே இறக்கியதே சரியில்லை என்பேன். மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும், அடியில் உளைச் சேறு. என் மகன் தொடைவரை புதைந்துவிட்டான். நானும் மச்சானும் துண்டைப் போட்டு இழுத்தோம், செருப்பு உள்ளேயே போய்விட்டது. போகிறவர்கள் முதலில் நீர்மட்டத்தைப் பாருங்கள், செய்தியில் தினமும் வருகிறது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. தண்ணீர் இறங்க இறங்க, மூழ்கிய கிறிஸ்தவக் கோயில் கோபுரம்தான் முதலில் தலைகாட்டும். நந்தி முழுசாகத் தெரிய 70 அடியை ஒட்டி இறங்க வேண்டும். காலையிலேயே போங்கள். ஆடுமாடு நடந்த தடத்திலேயே நடங்கள். எதிர்க்கரையில் இருக்கும் நாகமரைக்குப் பரிசலில் போவதானால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். கர்நாடகத்தில் மழை பிடித்துவிட்டால் தண்ணீர் சீக்கிரம் ஏறிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கொளத்தூர் பேரன்:
யூடியூபில் இதைப் 'பேய் ஊர்' என்று போடுகிறார்கள். மனசு வலிக்கிறது. 1925இல் வேலை தொடங்கி 1934இல் அணை முடிந்தது. அதற்காக வீட்டையும் காட்டையும் விட்டு மேடேறிய சனத்தின் ஊர் இது. தண்ணீர் வடிந்தால் இன்றும் அதே மண்ணில் சோளமும் எள்ளும் விதைக்கிறோம். பேய்க்கு இங்கே என்ன வேலை?

மேச்சேரிக்காரருக்கு ஒன்று: கூட்டிக்கொண்டு போனது தப்பில்லை. எங்கள் தாத்தாவுக்கும் நடக்க முடியாது. நானும் அப்பாவும் கைத்தாங்கலாகத்தான் அழைத்துப் போனோம். போனதும் தோள் துண்டை எடுத்து, நந்தியின் கண்ணிலும் மூக்கிலும் அப்பியிருந்த சேற்றை மெதுவாகத் துடைத்தார், குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி. அப்புறம்தான் கற்பூரம் ஏற்றினார்.

அம்மாபேட்டைவாசி:
கொளத்தூர் தம்பி, படித்ததும் அழுதுவிட்டேன். அம்மாயி அந்த ஓட்டுச்சில்லைப் போட்டது நந்திக்கு இடப்பக்கம், பத்தடி தள்ளி. மறுபடி தண்ணீர் வடிந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வருகிறேன். அதே ஓடு கிடைக்காது. ஏதோ ஒன்றை எடுத்து வந்து அம்மாயி படத்துக்குக் கீழே வைக்க வேண்டும்.